ஃபேன் காயிலுக்கு டிஜிட்டல் தெர்மோஸ்டாட் மாட்டிய அனுபவம்: உங்களுக்கு என்ன நடந்தது?

தொடங்கியவர்:

நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் 14 ஃபேன் காயில் யூனிட்கள் இருக்கின்றன (நீர் ஓடும் சுருள்குழாயான காயில்மேல் ஃபேன் காற்றை ஊதி அறையைக் குளிர்விக்கும் அல்லது சூடாக்கும் பெட்டி). இரண்டு குழாய் அமைப்பு: நீர் வர ஒன்று, திரும்பிப் போக ஒன்று. அதாவது வெயில் காலத்தில் சில்லரிலிருந்து வரும் குளிர்ந்த நீரும், குளிர்காலத்தில் பாய்லரிலிருந்து வரும் சுடுநீரும் ஒரே குழாயில்தான் ஓடும். பழைய திருகு தெர்மோஸ்டாட்களைக் கழற்றிவிட்டு எல்லா அறைகளிலும் டிஜிட்டல் மாட்டினோம். வெயில் காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. பாய்லரை ஓட்ட ஆரம்பித்த முதல் வாரத்தில்தான் சிக்கல் வந்தது. மூன்று அறைகளில் மட்டும் சூடே வரவில்லை. திரையில் 17 டிகிரி காட்டுகிறது, நாங்கள் வைத்தது 22, ஆனால் காயிலுக்கு நீரை விடும் வால்வு திறக்கவே இல்லை.

தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது என்று ஒன்றை மாற்றினோம். புதியதும் அப்படியே நின்றது. நான்கு நாள் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. குழாயில் ஓடுவது குளிர்நீரா சுடுநீரா என்று தெர்மோஸ்டாட்டுக்குச் சொல்ல, குழாயோடு ஒட்டி ஒரு சிறு சென்சார் கட்டுவார்கள். இந்த மூன்று அறைகளில் அதை வால்வைத் தாண்டி, காயில் பக்கமாகக் கட்டியிருந்தோம். வால்வு மூடியிருக்கும்போது அங்கே நிற்பது பழைய நீர். அது சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை. அதனால் தெர்மோஸ்டாட் இன்னும் குளிரூட்டும் நிலையிலேயே இருக்கிறது. அந்த நிலையில் 17 டிகிரி என்றால் அறை போதுமான அளவு குளிர்ந்துவிட்டது, வால்வைத் திறக்க வேண்டாம் என்றுதான் அது முடிவெடுக்கும். வால்வு திறந்தால்தான் சுடுநீர் சென்சாரைத் தொடும். சுடுநீர் தொட்டால்தான் வால்வு திறக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு நின்றிருக்கின்றன.

சென்சாரை வால்வுக்கு முன்னால், மெயின் குழாயிலிருந்து கிளை பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் நகர்த்தினோம். இருவழி வால்வு என்றால் மூடியிருக்கும்போது கிளைக் குழாய் முழுவதிலும் நீர் தேங்கி நிற்கும், அதனால் வால்வுக்குச் சற்று முன்னால் கட்டினாலும் போதாது. பைபாஸ் (காயிலுக்குள் போகாமல் நீர் சுற்றிப் போகும் வழி) உள்ள மூவழி வால்வில் இந்தத் தொல்லை இல்லை, நீர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். சில தெர்மோஸ்டாட்களில் அவ்வப்போது வால்வைக் கொஞ்ச நேரம் திறந்து நீரைச் சோதிக்கும் வசதி மெனுவில் இருக்கிறது, அதையும் போட்டுவிட்டோம். இன்னொன்று, சென்சார் வெறும் குழாய்மேல் நன்றாகப் படிய வேண்டும். உலோகக் கிளிப்பால் இறுக்கி, அதன்மேல் இன்சுலேஷனைச் சுற்ற வேண்டும். எங்கள் ஆட்கள் ஒரு அறையில் இன்சுலேஷனுக்கு மேலேயே பிளாஸ்டிக் டையால் கட்டி வைத்திருந்தார்கள். அது கூரைக்குள் இருக்கும் காற்றைத்தான் அளந்துகொண்டிருந்தது.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

எலக்ட்ரீஷியன் ஒருவர்:

நான் வயரிங் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது.

ஒரு பெரிய ஹாலில் இரண்டு யூனிட், ஒரே தெர்மோஸ்டாட். எனக்கு முன்னால் வேலை செய்தவர் இரண்டு மோட்டார்களின் ஹை, மீடியம், லோ ஒயர்களை நேராகச் சேர்த்து ஒரே டெர்மினலில் முறுக்கியிருந்தார். ஒரு யூனிட்டின் ஃபேனில் சத்தம் வருகிறது என்று கூப்பிட்டார்கள். அந்த யூனிட்டின் ஐசொலேட்டரை (அதற்கு வரும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்துவிட்டு மூடியைத் திறந்து டெஸ்டரை வைத்தால் விளக்கு எரிகிறது! மூன்று வேக மோட்டாரில் மூன்று ஒயர்களும் ஒரே சுருளின் வெவ்வேறு இடங்களிலிருந்து வருபவை. ஒன்றுக்குக் கரண்ட் கொடுத்தால் மற்ற இரண்டிலும் மின்னழுத்தம் வந்துவிடும். இரண்டு மோட்டார்களைச் சேர்த்துக் கட்டினால் ஓடுகிற மோட்டாரிலிருந்து அணைத்த மோட்டாருக்குக் கரண்ட் பின்வாசல் வழியாக வரும். அன்றைக்குச் சோதிக்காமல் கையை வைத்திருந்தால் என் கதை வேறு. இரண்டும் ஓடும்போதும் சுருள்களுக்கு இடையே வீண் கரண்ட் சுற்றி மோட்டார் சூடாகும். இதற்கு நடுவில் ரிலே பலகை போட வேண்டும். தெர்மோஸ்டாட் ரிலேவை இயக்கும், ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனி காண்டாக்ட். அன்றே பிரித்துப் போட்டேன்.

அப்புறம் நியூட்ரல் விஷயம். பழைய திருகு வகைக்குப் பல இடங்களில் நியூட்ரலே கொண்டுவந்திருக்க மாட்டார்கள், அதற்குத் தேவையும் இல்லை. டிஜிட்டலுக்குத் திரையும் சர்க்யூட்டும் ஓட நியூட்ரல் வேண்டும். ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு எர்த்தை நியூட்ரலாகப் பயன்படுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்காவது எர்த் அறுந்தால் யூனிட்டின் உலோக உடம்பே ஷாக் அடிக்கும். ஒரு ஒயர் புதிதாக இழுத்தால் தீர்ந்தது.

பழையதைக் கழற்றும் முன் டெர்மினல்களை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயர் நிறத்தை மட்டும் நம்பவே கூடாது.

வீட்டில் பயன்படுத்துபவர்:

எனக்கு நடந்தது சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு மாதம் அலைக்கழித்தது. படுக்கையறையில் திரை எப்போதும் 27 காட்டும், தனி வெப்பமானி 24 காட்டும். அதனால் ஃபேன் நிற்காமல் ஓடும், அறை உறைந்துபோகும். மெனுவில் அளவைத் திருத்தும் வசதி இருந்தது, 3 டிகிரி குறைத்தேன். பகலில் சரியாக இருந்தது, இரவில் திரும்பத் தவறு. கடைசியில் தெர்மோஸ்டாட்டைச் சுவரிலிருந்து கழற்றிப் பார்த்தபோது பின்னால் ஒயர் வரும் குழாயிலிருந்து வெதுவெதுப்பான காற்று கையில் பட்டது. அந்தக் குழாய் கூரைக்குள் போய் முடிகிறது. பகலில் அங்கே சூடு அதிகம், இரவில் குறைவு. திருத்தம் எப்படி நிற்கும்? குழாயின் வாயை எலக்ட்ரீஷியனை வைத்து மாவு மாதிரியான சீலன்ட்டால் அடைத்தோம். இப்போது வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருக்கிறது, திருத்தத்தை மறுபடி பூஜ்யத்துக்கே கொண்டுவந்துவிட்டேன்.

பராமரிப்பில் இருப்பவர்:

எங்கள் இடத்தில் கூரைப் பலகையில் ஈரக்கறை. காயிலில் வடியும் நீரை வெளியேற்றும் ட்ரெயின் குழாய் அடைத்திருக்கும் என்று கழுவினோம், இரண்டு நாளில் கறை பெரிதாகியது. அறை குளிர்ந்து ஃபேன் நின்ற பிறகும் வால்வு மூடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஃபேன் நின்ற பிறகும் காயிலுக்குள் 7 டிகிரி நீர் ஓடிக்கொண்டே இருந்தால் யூனிட்டின் வெளித்தகடே வியர்க்கும். அந்த வால்வு திறக்க ஒரு ஒயர், மூட ஒரு ஒயர் கேட்கும் வகை. மாட்டியவர் திறக்கும் ஒயரை மட்டும் கொடுத்திருந்தார், ஸ்பிரிங் வைத்துத் தானாக மூடும் வால்வு என்று நினைத்துவிட்டார். வால்வு வகையை அதன் மேலுள்ள படத்தைப் பார்த்து உறுதி செய்த பிறகே ஒயர் கொடுங்கள்.

இன்னொன்று, அறைக்கு வருகிறவர்கள் சீக்கிரம் குளிரட்டும் என்று 18-க்கு இறக்கிவிடுவார்கள். 24 வைத்தாலும் 18 வைத்தாலும் காயிலுக்கு வரும் நீரின் குளிர் ஒன்றுதான். ஃபேன் ஆட்டோவில் இருந்தால் வேகம் கூடும், அவ்வளவே. வால்வை இயக்கும் மெழுகு வகை ஆக்சுவேட்டர் அதை முழுதாகத் திறக்கவே சில நிமிடங்கள் எடுக்கும், அதற்குள் பொறுமை இழந்து பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். மெனுவில் கீழ் எல்லையை 21 என்று வைத்தோம். முதல் வாரம் கோபப்பட்டார்கள். பிறகு குளிர் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைப்பது நின்றது, புகாரும் குறைந்தது.

புதிதாகக் கற்பவர்:

சார், தெர்மோஸ்டாட்டை எந்த இடத்தில் மாட்டுவது? எனக்குக் கொடுத்த வரைபடத்தில் கதவுக்குப் பக்கத்தில் சுவிட்சோடு சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள்.

தொடங்கியவர்:

தம்பி, தரையிலிருந்து ஏறக்குறைய 1.5 மீட்டர் உயரம், உள்சுவர். வெயில் படக்கூடாது, யூனிட்டின் காற்று நேராக அடிக்கக்கூடாது, விளக்கின் டிம்மரோடு ஒரே பெட்டியில் சேர்க்கவே கூடாது, அது சூடாகும். கதவு அடிக்கடி திறக்கும் அறை என்றால் வரைபடம் போட்டவரிடம் பேசி இடத்தை மாற்றுங்கள். சுவர் பூசுவதற்கு முன் மாற்றுவது சுலபம்.

மேலே படுக்கையறை அனுபவம் எழுதியவருக்கு நன்றி. இன்று போய் 14 அறைகளையும் கழற்றிப் பார்த்தேன். ஐந்தில் பின்குழாய் திறந்தே கிடந்தது. மூன்றை அடைத்துவிட்டேன், மீதி இரண்டையும் நாளை அடைப்பேன்.