பொருள்: ‘ஒற்றைச்செயல்’ வேண்டாம், ‘கைமுடுக்கு’ ஆகலாம்

> சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரை ‘ஒற்றைச்செயல் சுழல்துப்பாக்கி’ என்று வைத்துக்கொள்வோம். சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது.

வணக்கம் ஐயா. சொல்லுக்குச் சொல் சரிதான், பொருள்தான் நழுவிவிடுகிறது. குறிசுடுதல் பழக வந்த ஒருவரிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன். “ஒருமுறைதான் சுடுமா?” என்று கேட்டார். அவர்மேல் குற்றமில்லை. ‘இரட்டைக்குழல் துப்பாக்கி’ நெடுநாளாகப் புழங்கும் சொல். துப்பாக்கியோடு ஒற்றை, இரட்டை சேர்ந்தாலே நம் காது குழலையோ தோட்டாவையோதான் எண்ணும்.

கையில் நடப்பதைப் பாருங்கள். துப்பாக்கியின் பின்புறம் உள்ள சுத்தியலை (ஹேமர்) கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்கிறோம். அந்த இழுப்பிலேயே தோட்டாக்கள் இருக்கும் உருளை ஓர் அறை நகர்ந்து அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே நிறுத்துகிறது. உள்ளே வில் இறுகுகிறது. சுத்தியல் ‘கிளிக்’ என்று நிற்கிறது. விரலால் இழுக்கும் விசைக்கு (டிரிகர்) மிஞ்சுவது ஒரே வேலை: நின்ற சுத்தியலை விடுவிப்பது. அந்த ஒன்றை எண்ணித்தான் ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள். சுடுகிறவர் உணர்வதோ தம் கட்டைவிரலின் வேலையை. பெயரும் அங்கிருந்தே பிறக்கட்டும்.

வில்லில் நாணேற்றுவதைப் போல என்று ‘நாணேற்றி’ எனவும் வைக்கலாம்; அழகான சொல்தான். ஆனால் வில்லுக்கு நாணேற்றுவது ஒருமுறை. இங்கே ஒவ்வொரு சூட்டுக்கும் இழுக்க வேண்டும். என் முன்மொழிவு ‘கைமுடுக்கு’. திருகாணியை முடுக்குகிறோம், கடிகாரத்தை முடுக்குகிறோம். இறுக்கி ஆயத்தமாக்கும் பொருள் அதிலேயே இருக்கிறது. இயற்பியலின் ‘முடுக்கம்’ குறுக்கிடும் என்று நான் அஞ்சவில்லை. முன்னால் நிற்கும் ‘கை’ குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

இன்னொரு நன்மையும் உண்டு. டபுள் ஆக்‌ஷனில் பெரும்பாலானவற்றைக் கையாலும் முடுக்கலாம், விசையை இழுத்தும் முடுக்கலாம். ஆகவே ‘இருமுடுக்கு’. விசையால் மட்டுமே இயங்குவது ‘விசைமுடுக்கு’. ‘இரட்டைச்செயல்’ என்று வைத்தால் இந்த மூன்றாம் வகைக்குப் பெயரின்றித் திண்டாடுவோம்.

முதல் துப்பாக்கி வாங்குவோருக்கான கையேட்டில் இதைவிட அவசரமாகப் பெயர் வேண்டிய உறுப்பு ஒன்று உண்டு: டிரான்ஸ்ஃபர் பார். கோல்ட் நிறுவனத்தின் 1873 வடிவமைப்பில் சுத்தியலின் மூக்கே தோட்டாவைத் தாக்கும் ஊசி. சுத்தியல் படிந்திருக்கையில் கீழே விழுந்தால் வெடித்துவிடக்கூடும். அதனால்தான் ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பினார்கள்: ஒன்று இட்டு, ஒன்று விட்டு, நான்கு இட்டு, காலி அறைமேல் சுத்தியலைப் படியவைப்பார்கள். ரூகர் நிறுவனம் 1973-இல் கொண்டுவந்த புதிய வடிவமைப்பில், விசையை இழுத்தால் மட்டுமே ஒரு தகடு எழுந்து சுத்தியலின் அடியை ஊசிக்குக் கொண்டுசேர்க்கிறது. ‘இடைத்தகடு’ என்கிறேன். பழைய துப்பாக்கியை வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இடைத்தகடு இருக்கிறதா?’ என்பதே. குழல் நீளம், பிடியின் மரம் எல்லாம் பிறகு.

தோட்டா அளவில் (அங்குலத்தில் சொல்லும் குறுக்களவு) எனக்குத் தயக்கமே இல்லை: .22. பின்னுதைப்பு மிகக் குறைவு, நிறையச் சுட்டுப் பழகலாம். பெரியதுதான் வேண்டுமென்றால் .357 மேக்னம்; அதில் மென்மையான .38 ஸ்பெஷலையும் இடலாம்.

தோட்டாவை ஒவ்வொன்றாக இடும் பக்கக் கதவுக்கு ‘ஏற்றுவாய்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். வெற்றுக்கூடுகளைத் தள்ளி எடுப்பதும் அதே வழியாகத்தான் என்பதால் மனம் ஒப்பவில்லை. நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.