பதினொரு பேர் மட்டுமே உள்ள பத்தாம் வகுப்புக்குப் பிரிவு உபசார விழா: எப்போது, எப்படி நடத்தலாம்?

கேள்வி: வகுப்பாசிரியை, கொல்லிமலை

அனைவருக்கும் வணக்கம். கொல்லிமலையில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். இவ்வாண்டு என் வகுப்பில் ஆறு பெண்களும் ஐந்து ஆண்களும் படிக்கிறார்கள். பெரும்பாலோர் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒன்றாகப் படித்து வந்தவர்கள். எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு மேல் இல்லாததால், பொதுத்தேர்வு முடிந்ததும் சிலர் மலையிலேயே உள்ள மேல்நிலைப் பள்ளிக்கும், சிலர் சேந்தமங்கலம், நாமக்கல் பக்கம் விடுதிகளுக்கும், ஓரிருவர் தொழிற்பயிற்சிக்கும் சென்றுவிடுவார்கள். இந்தப் பதினொரு பேரும் ஒரே அறையில் அமர்வது இதுவே கடைசி ஆண்டு.

கீழே நகரத்துப் பள்ளிகளில் நடக்கும் விழாக்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, மேடை, ஒலிபெருக்கி, புத்தாடை, பிரியாணி என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தலைக்கு இருநூறு ரூபாய் என்று கேட்டாலே கொடுக்க முடியாத வீடுகள் இருப்பதால், பணம் திரட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. பெரிய விழா ஒன்றைச் சுருக்கிச் செய்ததுபோல் இல்லாமல், இந்தப் பதினொரு பேருக்கென்றே அமைந்த விழாவாக இதை எப்படி நடத்தலாம்? தேர்வுக்கு முன் நடத்துவதா, பின் நடத்துவதா என்பதிலும் எங்கள் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அம்மா, வணக்கம். முதலில் நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அறிவியல் செய்முறைத் தேர்வு முடிந்த பிறகு, படிப்பு விடுப்பு தொடங்குவதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளி போன்ற சிறிய பள்ளிகள் பெரும்பாலும் தேர்வு மையமாக இருப்பதில்லை. பிள்ளைகள் வேறொரு பள்ளிக்குச் சென்றுதான் பொதுத்தேர்வு எழுதுவார்கள், கடைசித் தேர்வு முடிந்ததும் அந்த மையத்தின் வாசலிலேயே ஆளுக்கொரு பேருந்தில் ஏறிப் பிரிந்துவிடுவார்கள். அதன்பின் மாற்றுச் சான்றிதழ் வாங்கத் தனித்தனியாக வருவார்களே தவிர, எல்லாரையும் ஒருசேரப் பார்க்க முடியாது.

கடைசி நாளில் சீருடையில் மை தெளிப்பதும், சட்டை முதுகில் பெயர் எழுதுவதும் இப்போது எங்கும் பரவியிருக்கிறது. விலையில்லாச் சீருடை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுவதால், இந்தப் பிள்ளைகள் அணிந்திருப்பது பெற்றோர் காசு கொடுத்து வாங்கியது, அடுத்த ஆண்டு தம்பியோ தங்கையோ அணியக்கூடியது. வெறுமனே தடை போட்டால் கேட்க மாட்டார்கள். இரண்டு கெஜம் வெள்ளைக் காடாத்துணியை வாங்கிக் கொடுத்து, அதில் எல்லாரும் எழுதிக் கையொப்பமிடட்டும் என்று சொல்லுங்கள். அந்தத் துணி வகுப்பறைச் சுவரிலேயே இருக்கட்டும்.

விழாவின் உயிர் எதில் இருக்கிறது என்று என்னைக் கேட்டால், ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஓர் ஆசிரியர் பேசுவதில் என்பேன். தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வருவதற்கு முன், பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்த காலத்தில் படித்தவன் நான். எங்கள் பிரிவு உபசார நாளில் ஆசிரியர்கள் நாற்காலிகளில் அமர, நாங்கள் பின்னால் பெஞ்சுகளின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டதும், தலைமையாசிரியர் எங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து இரண்டு வார்த்தை பேசியதும் இன்றும் நினைவில் இருக்கின்றன. முந்நூறு பேர் படிக்கும் வகுப்பில் இதைச் செய்யவே முடியாது. பதினொரு பேருக்கு, ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலும் அரை மணி நேரத்துக்குச் சற்றே மேல்தான் ஆகும்.

ஆனால் பேசுவதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணைப் பேச வேண்டாம். வீட்டு வறுமையையும், தந்தை இல்லாததையும் பாராட்டு என்ற பெயரில் சபையில் சொல்லவே வேண்டாம், பிள்ளை கூசிப்போகும். மழையில் ஓடை பெருகியபோது சிறுவர்களைக் கைபிடித்து அழைத்து வந்தவள், ஆய்வகச் சாவியை ஒருநாளும் தொலைக்காதவன் என்று நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்.

மறுமொழி: முன்னாள் மாணவி, இப்போது செவிலியர், சேலம்

நானும் இப்படிப்பட்ட சிறிய பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பு முடித்தவள்தான். எங்கள் விழாவில் ஆசிரியர்கள் எல்லாருக்கும் துண்டு போர்த்தினோம், சத்துணவு சமைத்த அம்மாவை மட்டும் யாரும் மேடைக்கு அழைக்கவில்லை. சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது, பதினொன்றாம் வகுப்பில் நண்பகல் மணி அடித்தபோதுதான் அந்தக் கையின் அருமை எனக்கு விளங்கியது. உங்கள் பிள்ளைகளின் முதல் மரியாதை அவருக்குச் சேர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இன்னொன்றும் உண்டு. ஒரு வகுப்பில் பதினொரு பேராக இருந்துவிட்டு, அறுபது பேர் உள்ள வகுப்புக்குப் போகும்போது ஏற்படும் பயம் பெரியது. பெயரே தெரியாமல் ஒரு மாதம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சென்ற ஆண்டு உங்கள் பள்ளியிலிருந்து போன ஓர் அக்காவையோ அண்ணனையோ அழைத்து, விடுதி எப்படி இருக்கும், யாரிடம் எதைக் கேட்பது என்பதைச் சொல்ல வையுங்கள். சிறப்பு விருந்தினரின் சொற்பொழிவைவிட அது உதவும். பெற்றோரும் கட்டாயம் வர வேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் திருமணப் பேச்சை எடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு பெண்ணும் அடுத்து எங்கே சேரப்போகிறாள் என்பதை அவள் வாயாலேயே சபையில் சொல்ல வைத்தால், வீட்டாருக்கும் அது ஒரு வாக்குப் போல ஆகும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதையும் அப்போதே எடுத்துச் சொல்லுங்கள்.

மறுமொழி: பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்

அந்த மாதங்கள் மிளகு பறிக்கும் காலம் என்பதால் காலையில் விழா வைத்தால் தாய்மார்கள் வர மாட்டார்கள், மாலை மூன்று மணிக்கு மேல் வையுங்கள். பிரியாணிக்குப் பதில் சாமைப் பொங்கலும் தோட்டத்து வாழைப்பழமும் போதும், ஆளுக்கு ஒரு படி சாமை கொடுக்க எந்த வீடும் தயங்காது. மரக்கன்று நடும் எண்ணம் இருந்தால் வெயில் காலத்தில் நட்டுக் காயவிடாமல், மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் நாளில் மழை பார்த்து நடச் சொல்லுங்கள்.

வகுப்பாசிரியை

எல்லாருக்கும் நன்றி. மாலை நேரம், சாமைப் பொங்கல், சமையலர் அம்மாவுக்கு முதல் மரியாதை ஆகியவற்றை இன்றே தலைமையாசிரியரிடம் பேசி உறுதிசெய்துவிட்டேன். மனத்தை உறுத்தும் ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. பதினொருவரில் ஒரு மாணவன் அரையாண்டுத் தேர்வுக்குப் பின் பள்ளிக்கு வரவில்லை, திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான். அவனையும் அழைக்கலாமா? அழைத்து, அவன் கூசி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று தயக்கமாக இருக்கிறது.

மறுமொழி: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

கட்டாயம் அழையுங்கள், அம்மா. தேர்வுக்கான பெயர்ப்பட்டியலில் அவன் பெயர் இருந்தால் அவன் இன்னும் உங்கள் மாணவன்தான். அழைப்பைத் தொலைபேசியில் சொல்லி முடித்துவிடாமல், அவன் ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமையில் வகுப்பு நண்பர்கள் இருவரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கே போங்கள். விழாவைப் பற்றி மட்டும் பேசுங்கள், ஏன் நின்றாய் என்று அன்றைக்குக் கேட்க வேண்டாம். மற்றவர்களைப் பற்றிப் பேசுவதைப் போலவே அவனைப் பற்றியும் மூன்று நிமிடம் பேச எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வந்தானென்றால், நுழைவுச்சீட்டு வந்ததும் அவனுக்கென எடுத்து வைத்திருப்பேன் என்று தனியாகச் சொல்லுங்கள். பொதுத்தேர்வைத் தவறவிட்டாலும், அதன்பின் நடக்கும் துணைத் தேர்வில் எழுதிவிட்டு அதே ஆண்டே மேற்படிப்பில் சேரலாம் என்பதை அவன் தாய்க்கும் விளக்கிவிடுங்கள்.