விஸ்லரில் ஒரே ஒரு நாள்: இரண்டு மலையா, ஒரு மலையா?

டொராண்டோ_தம்பி:
வணக்கம். பிப்ரவரியில் வேலை விஷயமாக வான்கூவர் வருகிறேன். நடுவில் ஒரு நாள் விஸ்லர் பிளாக்கோமுக்கு, அதாவது விஸ்லர், பிளாக்கோம் என்ற இரண்டு மலைகள் சேர்ந்த பனிச்சறுக்குத் தலத்துக்கு, டிக்கெட் எடுத்துவிட்டேன். நாலு வருடமாக ஒன்டாரியோவில் ப்ளூ மவுன்டனில் சறுக்குகிறேன். நீலப் பாதைகள் (நடுத்தரம்) பயமில்லை, சில கறுப்பும் (கடினம்) இறங்குவேன். ஆனால் அங்கே மேலிருந்து கீழ்வரை 220 மீட்டர்தான். பிளாக்கோமில் 1,600 மீட்டர் என்று படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. ஒரே நாளில் இரண்டு மலையையும் பார்த்துவிடலாமா?

மேற்குக்கரை:
தாராளமாக. போன பிப்ரவரியில் நான் அப்படித்தான் செய்தேன். காலையில் அடிவாரத்தில் மழை. ஊர் 675 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, கடலும் பக்கம், அதனால் இது சகஜம். மனம் தளராதே. கோண்டோலா (கம்பியில் போகும் கேபின்) மேகத்துக்குள் ஏறி, விஸ்லர் மலையில் 1,850 மீட்டரில் ரவுண்ட்ஹவுஸ் விடுதியில் இறங்கினால் காய்ந்த பனி கொட்டுகிறது. முதலில் எமரால்டு லிஃப்டில் ஏறி இரண்டு ரன் (இறக்கம்). இரவில் இயந்திரம் ஓட்டிச் சீராக்கிய பாதை, புதிதாக வாரிய தலை போலக் கோடு கோடாக இருந்தது. அப்புறம் ஹார்மனி லிஃப்ட், அதைத் தாண்டி சிம்ஃபனி. மரம் அதிகம் இல்லாத, கிண்ணம் போன்ற பெரிய சரிவு, எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம். மதியம் இரண்டு மலையையும் இணைக்கும் பீக் டு பீக் கோண்டோலாவைப் பிடித்து பிளாக்கோம். அங்கே மேலே செவன்த் ஹெவன் பகுதியில் வெயில் அடித்தது. ஒரே நாளில் நான்கு விதமான பனி! ஒன்டாரியோவிலிருந்து இவ்வளவு தூரம் வந்து பாதியைப் பார்த்துவிட்டுத் திரும்புவது நியாயமே இல்லை.

ஸ்குவாமிஷ்_அக்கா:
மேற்குக்கரை சொல்வதை நம்புகிறேன், ஆனால் இந்தத் தம்பிக்கு அது சரியான யோசனை இல்லை. பதினொரு குளிர்காலமாக அந்த மலையில் சறுக்குகிறேன். பீக் டு பீக்கில் 11 நிமிடம் என்பது கேபினுக்குள் நிற்கும் நேரம் மட்டும். ஸ்கீயைக் கழற்றி, பூட்ஸோடு தடதடவென்று நடந்து, வரிசையில் நின்று, அந்தப் பக்கம் மறுபடி மாட்டிக் கிளம்ப முக்கால் மணி போய்விடும். நடுக்குளிர்காலத்தில் 3 மணி வாக்கில் லிஃப்ட்கள் நின்றுவிடும். இரண்டு நல்ல ரன்னை விற்றுத்தான் அந்தப் பயணத்தை வாங்குகிறாய்.

இன்னொன்று. விஸ்லர் 1966இல் திறந்தது, பிளாக்கோம் 1980இல். 1997 வரை இரண்டும் போட்டிக் கம்பெனிகள். பீக் டு பீக் கோண்டோலாவே 2008 டிசம்பரில்தான் வந்தது. அதுவரை ஒரு மலையிலேயே முழு நாளும் இருந்தவர்கள் ஏமாந்தா போனார்கள்? 2010 ஒலிம்பிக்கின் ஆல்பைன் (மலைச்சரிவில் சறுக்கும்) போட்டிகள் எல்லாமே விஸ்லர் மலையில்தான் நடந்தன.

மேற்குக்கரை:
அக்கா, ரயில் வருவதற்கு முன்னால் மாட்டுவண்டியில் போனவர்களும் சந்தோஷமாகத்தான் போனார்கள். அதற்காக ரயில் ஏறாமல் இருப்போமா? தூணே இல்லாமல் 3 கிலோமீட்டர் கம்பியில், ஓடைக்கு மேல் 436 மீட்டரில் தொங்கிக்கொண்டு போவது வேறு எங்கே கிடைக்கும்? நேரம் முக்கியம் என்றால் கண்ணாடித் தரைக் கேபினுக்குக் காத்திருக்க வேண்டாம். 28இல் இரண்டுதான் அப்படி, அதற்குத் தனி வரிசை.

ஸ்குவாமிஷ்_அக்கா:
வேடிக்கை பார்க்க என்றால் சரி, நானே வழியனுப்புகிறேன். தம்பி கேட்டது சறுக்குவதைப் பற்றி. உங்களுக்கு அன்றைக்கு வெயில் கிடைத்தது. பல நாள் கிடைக்காது. மரக்கோட்டுக்கு மேலே மேகம் இறங்கினால் வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை, மேடு பள்ளம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை ஹார்மனியில் நின்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஸ்கீ ஓரமாகப் பனித்துகள் பின்னால் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் இன்னும் நகர்கிறேன் என்று புரிந்தது. அடுத்த நொடி தோள் தரையில். வேகம் நடை வேகம்தான், ஆனாலும் ஆறு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. ப்ளூ மவுன்டனில் பழகியவருக்கு இது புதிது. இப்படிப்பட்ட வெளிச்சத்தில், பழக்கமில்லாத இரண்டு மலையை விட, காலையிலேயே ஒருமுறை பார்த்து வைத்த ஒரு மலை எவ்வளவோ மேல்.

மேற்குக்கரை:
அதற்காகத்தான் இரண்டு மலை வேண்டும் என்கிறேன்! இங்கே மேகம் என்றால் அங்கே போகலாம்.

ஸ்குவாமிஷ்_அக்கா:
நடுவில் ஒரு பள்ளத்தாக்குதான் இருக்கிறது. பெரும்பாலும் ஒரே மேகம்தான் இரண்டையும் மூடும். வெளிச்சம் கெட்டால் கீழே, மரங்கள் இருக்கும் உயரத்துக்கு இறங்க வேண்டும். பச்சை மரம் பக்கத்தில் நின்றால் கண்ணுக்குத் தரை பிடிபடும். ஆனால் பாதையை விட்டு மரங்களுக்குள் தனியாகப் போகாதே தம்பி. கிளைக்கு அடியில் அடிமரத்தைச் சுற்றிப் பனி இறுகாமல் குழியாக இருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வருவது கஷ்டம். பார்வையில் படும் தூரத்தில் ஒரு ஆளாவது கூட இருக்க வேண்டும்.

ரொறன்ரோ_யாழ்:
நானும் ஒன்ராறியோவில்தான் பழகினேன், நாற்பது வயதுக்குப் பிறகு. இரண்டு பேரும் கால்களைப் பற்றிக் கதைக்கவில்லை. போன வருசம் மகனோடு விஸ்லர் உச்சியிலிருந்து பீக் டு க்ரீக் பாதையில் அடிவாரத்தில் இருக்கிற கிரீக்சைட் வரைக்கும் ஒரே இறக்கமாக வந்தேன். கிட்டத்தட்ட 1,500 மீட்டர். எங்கள் மலையை ஏழு தரம் அடுக்கின மாதிரி. பாதி வழியிலேயே தொடை எரியத் தொடங்கிவிட்டது. மேலே தூள் மாதிரி இருந்த பனி, கீழே வர வர ஈரமாகி, கடைசியில் நனைந்த சீமெந்துக்குள் காலை வைத்த மாதிரி. ஒரே பாதையில் இவ்வளவு வித்தியாசம் இருக்கேக்க எதற்கு மலை மாறவேணும்? அக்கா சொல்வதுதான் சரி. ஆனால் அந்த கோண்டோலாவில் ஏறாமல் வந்ததற்கு மகன் இன்னும் கோபமாக இருக்கிறான், அதையும் சொல்லத்தானே வேணும்.

டொராண்டோ_தம்பி:
எல்லோருக்கும் நன்றி. காலையில் எமரால்டு, ஹார்மனி, சிம்ஃபனி. 11 மணிக்கு ரவுண்ட்ஹவுஸில் நின்று வானத்தைப் பார்த்து முடிவெடுக்கிறேன். மேகம் என்றால் விஸ்லரிலேயே கீழ்ப்பாதைகள்.

ஸ்குவாமிஷ்_அக்கா:
நல்லது. மங்கலான வெளிச்சத்துக்கான கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள். கடைசி ரன்னுக்குக் கால் நடுங்கினால் கோண்டோலாவிலேயே இறங்கிவிடு. அதில் ஒரு வெட்கமும் இல்லை, நானும் இறங்குவேன்.

மேற்குக்கரை:
11 மணிக்குக் கொஞ்சம் நீலம் தெரிந்தாலும் யோசிக்காதே தம்பி, நேராக செவன்த் ஹெவன்!