அம்மை என்றுதான் நினைத்தோம்: மாத்திரையால் வந்த தடிப்புகள், அனுபவப் பகிர்வு

பெரம்பூரிலிருந்து

அம்மாவுக்கு 61 வயது. போன வருடம் வலது கன்னத்தில் ஷாக் அடிப்பது போல ஒரு வலி வந்தது. பல் தேய்த்தாலும் வரும், ஃபேன் காற்று பட்டாலும் வரும். முக நரம்பு வலி என்று சொல்லி டாக்டர் கார்பமசெபின் எழுதிக் கொடுத்தார், வலிப்புக்கும் கொடுக்கும் மாத்திரை. ஒரே வாரத்தில் வலி அடங்கியது. அம்மா மறுபடி முறுக்கு கடிக்க ஆரம்பித்தார்.

பதினெட்டாம் நாள் காய்ச்சல். கூடவே தொண்டை வலி, கண் எரிச்சல். ஏப்ரல் மாதம், உடம்புச் சூடாக இருக்கும் என்று இளநீர் கொடுத்தோம். மறுநாள் நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புப் புள்ளிகள். பக்கத்து வீட்டு அத்தை பார்த்துவிட்டு, “அம்மா வந்திருக்கா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாசலில் வேப்பிலை செருகினோம், தாளிப்பதை நிறுத்தினோம். அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டுவிட்டது என்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. அம்மைக்கு மருந்து கூடாது என்று காய்ச்சல் மாத்திரையைக்கூட நிறுத்திய நான், வலி திரும்பிவிடுமோ என்று பயந்து நரம்பு மாத்திரையை மட்டும் இரண்டு வேளையும் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளில் நான்கு மாத்திரை. நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

மூன்றாம் நாள் காலை கஞ்சி இறங்கவில்லை. உதட்டின் உள்பக்கம் முழுக்கப் புண். முதுகைத் துடைக்க ஈரத்துணியை வைத்தேன், “ஐயோ, எரியுதுடி” என்று கத்தினார். அரிப்பே இல்லை, வலிதான். துணியை எடுத்தபோது தோள்பட்டைக்குக் கீழே கொஞ்சம் தோல், பாலாடை சுருளுவது போலச் சுருண்டு கூடவே வந்தது. 108-ஐக் கூப்பிட்டோம்.

எமர்ஜென்சியில் இருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “கடைசி ரெண்டு மாசத்துல புதுசா ஆரம்பிச்ச மாத்திரை எது?” ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோம் என்றார், பெரும்பாலும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் உரிந்து வாயும் கண்ணும் புண்ணாகும் ஆபத்தான நோய். 1922-இல் அதை எழுதி வைத்த இரண்டு டாக்டர்களின் பெயராம். மாத்திரையை அந்த நிமிடமே நிறுத்தினார்கள். தீக்காயம் பட்டவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள், கண் டாக்டர் தினமும் வந்தார். 19 நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். கண் வறட்சி மட்டும் இன்னும் போகவில்லை, சொட்டு மருந்து தொடர்கிறது. ஃபெனிடாயின், ஃபீனோபார்பிடால் என்ற வலிப்பு மாத்திரைகளும் அம்மாவுக்கு இனி ஆகாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அவையும் இதே மாதிரி கிளப்பிவிடுமாம்.

எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருப்பவர்களுக்குக் கார்பமசெபினால் இந்த ஆபத்து அதிகம், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. இந்த மரபணு வகை ஆசியர்களிடம் அதிகம் என்பதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-லேயே எச்சரித்திருக்கிறது. எழுதிக் கொடுத்தபோது, “காய்ச்சலோ தடிப்போ வந்தா உடனே வாங்க” என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து

அக்கா, படிக்கும்போதே கை நடுங்கிவிட்டது. எனக்கு வந்தது உயிர் போகிற விஷயமில்லை, ஆனால் மூன்று வருடம் காரணமே தெரியாமல் திரிந்தேன்.

கீழ் உதட்டில் ஒரு கருப்பு வட்டம், வலது கை கட்டைவிரல் அடியில் இன்னொன்று. பீடி பிடிப்பாயா என்று கேட்காத ஆள் இல்லை. நான் அதைத் தொட்டதே கிடையாது. ரோட்டுக்கடையில் சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவேன். சில மணி நேரத்தில் அந்த இரண்டு இடமும் எரியும், சிவக்கும், ஒரு வாரத்தில் முன்பைவிடக் கருப்பாகிவிடும். வயிறு கெட்டதால்தான் உதடும் புண்ணாகிறது என்று நினைத்திருந்தேன்.

சென்ட்ரல் எதிரில் ஜி.எச். தோல் பிரிவில் டாக்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “ஒவ்வொரு தடவையும் அதே இடத்துலதான் வருதா?” ஆமாம் என்றதும், “என்ன மாத்திரை போடுற?” பழைய அட்டை பர்ஸில் இருந்தது, ஆஃப்லாக்சசினும் ஓர்னிடசோலும் சேர்ந்தது. ஃபிக்ஸட் டிரக் எரப்ஷன் என்று எழுதினார், மருந்து போடும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வரும் தடிப்பு. மெட்ரோனிடசோல், டினிடசோல் எல்லாம் ஓர்னிடசோலுக்கு உறவு, கேட்காமல் தொடாதே என்றார். மாத்திரையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. உதடு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வருகிறது.

தாம்பரத்திலிருந்து

22 வருடமாக மெடிக்கல் கவுண்டரில் நிற்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். “காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க” என்பார்கள். மூன்று மாத்திரையைக் கத்தரித்துச் சின்னக் கவரில் போட்டுக் கொடுப்பதுதான் வழக்கம். ஒத்துக்கொள்ளாமல் போனால் எந்த மாத்திரை என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் அப்படிக் கொடுத்தவன்தான். இப்போது கொடுப்பதில்லை. நீங்களும் பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள்.

முக்கியமாகக் காலக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். “நேத்துதான் போட்டேன், ஒண்ணும் ஆகலையே” என்பது ஆறுதலே இல்லை. திட்டுத் திட்டாக வீங்கி இடம் மாறும் தடிப்பு சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ வரும். அதோடு உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ தலை சுற்றினாலோ உடனே 108 தான், வீட்டில் இருக்கும் செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரையை நம்பி உட்காராதீர்கள். உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளியாக வருவது பெரும்பாலும் 4 முதல் 14 நாளுக்குள். ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிந்த மறுநாள்கூட வரலாம். காய்ச்சல், முக வீக்கம், நெறிகட்டு, மஞ்சள் காமாலை என்று உள்ளுறுப்பைத் தாக்கும் ‘டிரெஸ்’ என்ற வகை 2 முதல் 8 வாரம் கழித்துக்கூட வரும். யூரிக் ஆசிட்டுக்குப் போடும் அலோப்யூரினால், வலிப்பு மாத்திரைகள், சல்ஃபா மருந்துகள் சாப்பிடுபவர்கள் இதை மறக்கவே கூடாது. மாதவிடாய் வலிக்குக் கேட்டு வாங்கும் மெஃபனாமிக் ஆசிடைப் பற்றியும் 2023 கடைசியில் இந்திய பார்மகோபியா ஆணையம் இதே எச்சரிக்கையைக் கொடுத்தது. கடையில் அதைக் கேட்டு வரும் பெண்பிள்ளைகளிடம் நான் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தினால் வலிப்பு வந்துவிடும், அதனால் தடிப்பைப் பார்த்த அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். வெறும் அரிப்புக்குக் கேலமைன் போடலாம். தோல் வலித்தாலோ கொப்புளம் வந்தாலோ வாய், கண், பிறப்புறுப்பில் புண் வந்தாலோ மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

மேடவாக்கத்திலிருந்து

எங்கள் கதை தலைகீழ். பையனுக்கு நான்கு வயதில் அமாக்சிசிலின் சிரப் கொடுத்த ஏழாம் நாள் உடம்பெல்லாம் சிவந்தது. ‘பென்சிலின் அலர்ஜி’ என்று ஃபைலில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு எந்த டாக்டரும் அந்த வகை மருந்தைத் தொடவில்லை, ஒவ்வொரு முறையும் வேறு ஏதோ பெரிய மருந்து. ஒன்பது வயதில் அலர்ஜி டாக்டர் ஆஸ்பத்திரியில் உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு வந்தது வைரஸ் காய்ச்சலின் தடிப்பாக இருக்கலாம் என்றார். தயவுசெய்து இந்தச் சோதனையை வீட்டில் யாரும் செய்து பார்க்காதீர்கள்.

மறுபடி பெரம்பூரிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. மருந்தால் வந்த பாதிப்பை நோயாளி வீட்டிலிருந்தே அரசுக்குத் தெரிவிக்கலாம். 1800 180 3024, கட்டணமில்லாத எண். தமிழிலும் படிவம் இருக்கிறது. நாங்கள் அம்மாவுடையதைப் பதிவு செய்துவிட்டோம். ஆகாத மூன்று மாத்திரைகளின் பெயரையும் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி லேமினேட் செய்து, அம்மாவின் சுருக்குப்பையில் ஒன்று, என் போன் கவரில் ஒன்று வைத்திருக்கிறோம்.

நேற்று அம்மாவுக்குச் சளி. மாத்திரை வாங்கி வந்து தண்ணீர் எடுக்கப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். “தண்ணி இருக்கட்டும். அட்டையக் குடு, பேரு பாக்கணும்.”