கலைச்சொல்: அருளிக்கச் சிமிழும் வெளிப்பாத்திரமும்

அனைவருக்கும் வணக்கம்.

வன்னிப் பங்குகளில் எஞ்சியிருக்கும் பழைய வழிபாட்டுப் பொருட்களுக்கான பதிவேட்டில், புனிதரின் எலும்புத் துணுக்கையோ உடைத்துண்டையோ வைத்துக் காட்டும் பாத்திரத்துக்கு என்ன பெயர் எழுதுவது என்று கேட்டிருந்தோம். ரீச்சர் 'திருப்பண்டப் பேழை' என்றார். தம்பி 'அருளிக்கக் கதிர்ப்பாத்திரம்' என்றார். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

'திருப்பண்டம்' நூல்களில் வழங்கும் நல்ல சொல்தான். ஆனால் எங்கள் பக்கம் பண்டம் என்றால் பலகாரத்தட்டுத்தான் நினைவுக்கு வரும். புனிதரின் எச்சத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயரின் ரெலீக்கியா தமிழ்வாயில் அருளிக்கமாகி, அருளையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதையே வைப்போம். பேழையோ ஏற்கெனவே நற்கருணை (கிறிஸ்துவின் உடலாகும் அப்பம்) வைக்கும் நற்கருணைப் பேழைக்குப் போய்விட்டது.

கதிர்ப்பாத்திரம் கூடவே கூடாது. சுற்றிவரக் கதிரும் நடுவில் கண்ணாடியுமாக அதே வடிவில் செய்த பழைய அருளிக்கப் பாத்திரங்கள் பல உண்டு என்பது உண்மை. ஆனால் கதிர்ப்பாத்திரத்தில் எழுந்தருளியிருப்பது நற்கருணை. அதன்முன் நாம் செய்வது கடவுளுக்கே உரிய ஆராதனை. புனிதரின் எலும்புக்குச் செய்வது வணக்கம். முத்தமிடுகிறோம், எங்களுக்காகப் பரிந்துபேசும்படி அவரைக் கேட்கிறோம். பெயரிலேயே இரண்டையும் குழப்பிவிட்டால் பிறகு மறைக்கல்வி வகுப்பில் எப்படிப் பிரித்துச் சொல்வது?

எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. நாம் ஒரே பொருளாக நினைப்பதில் இரண்டு பொருட்கள் இருக்கின்றன. நடுவில் காசளவில் ஒரு சின்ன உலோகச் சிமிழ். முன்பக்கம் கண்ணாடி. உள்ளே பட்டில் ஒட்டிய துணுக்கும், 'எக்ஸ் ஓசிபுஸ்' (எலும்பிலிருந்து) என்பதுபோல் லத்தீனில் எழுதிய சீட்டும். பின்பக்கம் சிவப்பு நூல் கட்டி, திருச்சபை அதிகாரியின் அரக்கு முத்திரை. அது உடைந்தால் உள்ளிருப்பது யாருடையது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சான்றிதழ் இல்லாத அருளிக்கத்தைப் பொது வணக்கத்துக்கு வைக்கக்கூடாது என்று வத்திக்கானின் 2017 அறிவுறுத்தல் சொல்கிறது. இடப்பெயர்வில் கடதாசியைத் தொலைத்த பங்குக்கு அந்த அரக்குத்தான் மிஞ்சிய சாட்சி.

வெளிப்பாத்திரம் பித்தளை, வெள்ளி, மரம் எதுவாகவும் இருக்கலாம். சிலுவை, கை, கோயில் என்று எந்த வடிவிலும் வரும். மினுக்கலாம், பற்றவைக்கலாம், புதிதாகவே செய்யலாம். பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், மினுக்கக் கொடுத்த இடத்தில் நூலையும் அறுத்துவிடுவார்கள். அவசரத்தில் எதை எடுத்துக்கொண்டு ஓடுவது என்றும் தெரிய வேண்டும். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது மடு மாதாவின் சொரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டிவந்த மண் இது.

ஆகவே உள்ளே இருப்பது அருளிக்கச் சிமிழ், வெளியே இருப்பது அருளிக்கத் தாங்கி.

மறுமொழி:

அண்ணை, சிமிழுக்கு முழுச் சம்மதம். பேழையை விட்டுவிடுகிறேன். ஆனால் தாங்கி வேண்டாம். வன்னியில் தாங்கி என்றால் ஒன்றில் தண்ணீர்த்தாங்கி, இல்லாவிட்டால் யுத்த தாங்கி. பதிவேட்டை வாசிக்கப்போவது பங்குச் சனம். பவனியில் சொரூபம் வைத்துத் தூக்குவதைக் கூடு என்கிறோமே, அருளிக்கக் கூடு என்றால் என்ன?

மறுமொழி:

ரீச்சர், தாங்கியை யோசிக்காமல் எழுதவில்லை. ஆனாலும் நீங்கள் சொல்வதுதான் சரி. கூட்டோடு எலும்புக்கூடு நினைவுக்கு வருமோ என்று பார்த்தேன். வந்தாலும் குறையில்லை. 1544 இல் சங்கிலி மன்னன் காலத்தில் கொல்லப்பட்ட மறைசாட்சிகளை மன்னார்த் தோட்டவெளியில் நினைந்து செபிக்கும் மறைமாவட்டம் எங்களுடையது. கூடு என்றே வைப்போம்.

பீடத்துக்குள் பதித்த அருளிக்கங்களுக்குக் கூடு கிடையாது. கோயில்களை அருளிக்கத்தோடுதான் அபிசேகம் செய்யவேண்டும் என்று 787 இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நீசேயா சங்கம் விதித்த வழக்கம் அது. அவற்றைப் 'பீட அருளிக்கம்' என்று தனியாக எழுதுகிறேன். 'முத்திரையின் நிலை', 'சான்றிதழ்' என்ற இரு நிரல்களும் சிமிழுக்கு மட்டும்.