படுத்தா முழிப்பு வருது, உங்களுக்கும் இப்படியா?

பனியன் ஊர்க்காரன்

வயசு 38. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர். போன ஆடியில ஒரு ஷிப்மெண்ட் கலர் ஷேடு மாறிப்போய் பையர் எடுக்க மாட்டேன்னுட்டான். அந்த வாரம் பொட்டுத் தூக்கமில்ல. பேசிப் பேசி விலையைக் குறைச்சு சரக்கைத் தள்ளி விட்டாச்சு, பத்து நாள்ல பிரச்சனை முடிஞ்சிருச்சு. போன தூக்கம் மட்டும் திரும்பி வரல. நாலு மாசம் ஆச்சு.

டிவி முன்னாடி உக்காந்தா சொக்குது. சரி, இன்னைக்கு வந்துருச்சுன்னு எழுந்து போய் கட்டில்ல விழுந்தா, கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுக் கிடக்கேன். ஃபேன் சத்தம், மோட்டார் போட்டு மறந்த வீட்ல டேங்க் நிறைஞ்சு வழியற சத்தம், தெருக்கோடி நாய். ரெண்டேகாலுக்கு செல்லை எடுத்து மணி பாப்பேன். இப்ப தூங்கினா மூணே முக்கால் மணி நேரம் கிடைக்கும்னு கணக்குப் போடுவேன். மூணு பத்துக்கு மறுபடி கணக்கு. நாலரைக்கு பால்காரர் பைக் வரும். பாக்கெட்டைப் போட்டதும் நானே போய் எடுத்து ஃபிரிட்ஜ்ல வச்சிருவேன். வீட்டுக்காரி, "பரவால்ல, இந்த வீட்ல ஒரு வாட்ச்மேன் இருக்காரு"ங்கறா.

கசகசா பால், ஜாதிக்காய், உள்ளங்கால்ல விளக்கெண்ணெய் எல்லாம் ஆச்சு. அம்மா தலகாணிக்கு அடியில மருதாணிப் பூ வச்சாங்க. ராத்திரி முழுக்க முழிச்சு அந்த வாசத்தை அனுபவிச்சேன். ஒன்பது மணிக்கே படுத்துப் பாத்தேன். ஞாயித்துக்கிழமை விட்டதைப் பிடிக்கலாம்னு பத்து மணி வரைக்கும் புரண்டும் பாத்தேன். யாராவது இதுல இருந்து மீண்டு வந்திருந்தா சொல்லுங்க.

வெட்டி ஆபீசர்

ஒரு குவார்ட்டர் போட்டுட்டு படுங்க தல. ஏழு மலை தாண்டித் தூங்கலாம்.

நைட் டூட்டி சிஸ்டர்

வெட்டி ஆபீசர் அண்ணா, சரக்கு போட்டா படுத்ததும் கண் சொருகும், உண்மைதான். ரெண்டு மூணு மணிக்கு வாய் வறண்டு எழுந்திரிக்கிறது எதனாலன்னு நினைக்கிறீங்க? போதை இறங்க இறங்க பின்னிரவுத் தூக்கம் கிழிஞ்சு போகும். வார்டுல தினமும் பாக்கறேன்.

என் கதை வேற மாதிரி. எனக்குத் தூக்கம் வரும், தூக்கத்துக்குள்ள மாட்டிக்குவேன். திருச்சியில வேலைக்குச் சேர்ந்த புதுசு. தொடர்ந்து அஞ்சு நைட். நாலாவது நாள் காலையில ஹாஸ்டலுக்கு வந்து மல்லாக்கப் படுத்தேன். பதினொரு மணி இருக்கும். முழிப்பு வந்துருச்சு. ரூம் தெரியுது, பீரோ தெரியுது, பக்கத்து ரூம்ல குழாய் ஓடுறது கேக்குது. கை அசையல. கால் அசையல. பீரோ ஓரமா கறுப்பா ஒன்னு நின்னுச்சு. நான் பாக்கப் பாக்க கிட்ட வந்து நெஞ்சு மேல உக்காந்துச்சு. கத்தறேன், சத்தம் வரல. மூச்சு நின்னுருச்சுன்னே நினைச்சேன். ஒரு நிமிஷம் இருந்திருக்கும், எனக்கு ஒரு யுகம்.

ஆயாம்மாகிட்ட சொன்னதும் அவங்க அசரவே இல்ல. "அமுக்குவான் பேய்ம்மா, தலைமாட்டுல இரும்பு வச்சுக்கோ"ன்னாங்க. சாவிக்கொத்து வச்சேன். வேப்பிலை வச்சேன். மூணு வாரத்துல இன்னும் ரெண்டு தடவை வந்துச்சு, இரும்புக்கும் பயப்படல.

கடைசியில டூட்டி டாக்டர் ஒருத்தர்தான் உக்காரவச்சு விளக்குனார். கனவு காண்ற தூக்கம்னு ஒன்னு இருக்கு, மூடின இமைக்குள்ள கண்ணு இங்கிட்டும் அங்கிட்டும் ஓடுமே, அது. 1953-ல சிகாகோ பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்சாங்க. அந்த நேரம் கனவுல ஓடினா நிஜத்துல ஓடிடக் கூடாதுன்னு மூளையே கை கால் தசையை எல்லாம் அணைச்சு வச்சிரும். சில சமயம் மூளை பாதி முழிச்சிரும், தசைக்கு மட்டும் இன்னும் உத்தரவு வந்திருக்காது. அந்த இடைவெளியில கண்ணு திறந்திருக்கும், கனவும் ஓடிக்கிட்டிருக்கும். நெஞ்சுக்கூட்டுத் தசையும் தளர்ந்திருக்கறதால யாரோ உக்காந்த மாதிரி பாரம். உதரவிதானம் வேலை செய்யுது, மூச்சு நிக்காது. தூக்கம் கெட்டவங்க, ஷிப்ட் மாறி மாறிப் பாக்கறவங்க, மல்லாக்கப் படுக்கறவங்களுக்குத்தான் அதிகமா வருமாம். மூணும் நான்.

அப்புறம் நைட்டி முதுகுல ஒரு துணிப்பந்து தைச்சு வச்சேன், புரண்டு மல்லாந்தா உறுத்தும். ஜன்னல்ல கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டினேன். டூட்டி முடிஞ்சு வர்றப்ப காலை வெயில் கண்ணுல பட்டா உடம்பு பகல்னு முடிவு பண்ணிரும்னு கூலிங் கிளாஸ் போட்டு பஸ்ல உக்காருவேன். கண்டக்டர் சிரிப்பாரு. இப்ப வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாலே அதிகம். வந்தா பயந்து திமிறாம கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாப்பேன், எனக்கு அதுல விட்டுரும். ஆயாம்மாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்ப அந்தக் கறுப்பு உருவம்?"னு கேட்டாங்க.

மதுரைக்காரி

எங்க வீட்ல தூங்காதது நான், வியாதி அவருக்கு.

கல்யாணமான நாள்ல இருந்தே குறட்டை. "ஆம்பளைன்னா குறட்டை விடத்தான் செய்வான், உழைக்கிற உடம்பு"ன்னு எங்க அத்தை முடிச்சுட்டாங்க. நானும் காதுல பஞ்சை வச்சுக் காலத்தை ஓட்டுனேன். என்னைப் பயமுறுத்துனது அந்தக் குறட்டைச் சத்தம் இல்ல, நடுவுல அது நின்னு போறதுதான். மாவு மிஷின் மாதிரி ஓடிக்கிட்டிருக்கும், திடீர்னு அமைதி. நெஞ்சு ஏறி இறங்கும், காத்து மட்டும் வராது. ஒருநாள் சுவர்க் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன், இருபத்தஞ்சு செகண்டு. அப்புறம் முங்கி எழுந்த மாதிரி ஒரு பெருமூச்சு, மறுபடி மிஷின்.

அவர் லோடு ஆட்டோ ஓட்டுறாரு. பகல்ல சிக்னல்ல நிக்கறப்பவே தலை தொங்கும். ராத்திரி நாலு தடவை பாத்ரூம். சுகர் இருக்கும்னு டெஸ்ட் எடுத்தோம், இல்ல. பெரியார் பஸ் ஸ்டாண்டுகிட்ட முன்னாடி போன வண்டியில லேசா இடிச்சதுக்கு அப்புறம்தான் டாக்டர்கிட்டயே வந்தாரு. அதுவும் நான் செல்லுல அந்தக் குறட்டையைப் பதிஞ்சு போட்டுக் காட்டுன பிறகு.

ஒரு ராத்திரி தலையில, நெஞ்சில, விரல்ல எல்லாம் வயர் மாட்டித் தூங்க வச்சாங்க. பத்து செகண்டுக்கு மேல மூச்சு நின்னாலோ ரொம்பக் குறைஞ்சாலோ ஒரு கணக்கு. மணிக்கு அஞ்சுக்குள்ள இருந்தா சரி, முப்பதைத் தாண்டினா கடுமை. இவருக்கு 42. நல்லாப் படுத்தா தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்குது, மூளை பதறி எழுப்புது, திரும்பத் தூக்கம், திரும்ப மூடுது. மணிக்கு நாப்பது தடவை இப்படின்னா எட்டு மணி நேரம் படுத்தும் என்ன பிரயோஜனம்?

இப்ப சிபாப் மிஷின். மூக்குல மாஸ்க், நீளமா ஒரு குழாய், விடாம காத்தை உள்ள தள்ளி தொண்டையைத் திறந்தே வச்சிருக்கும். 1980-ல சிட்னியில காலின் சல்லிவன்ங்கற டாக்டர் செஞ்சாராம், வாக்குவம் கிளீனர் மோட்டாரை வச்சு. விலை எங்களுக்குப் பாரம்தான், நகையை வச்சோம். முதல் ராத்திரி சின்னவ பாத்துட்டு "அப்பா பிள்ளையார் ஆயிட்டாரு"ன்னு கும்பிட்டா. ரெண்டு வாரம் மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாரு. அப்புறம் ஒருநாள் காலையில எழுந்து, "தலை பாரமே இல்லடி"ன்னாரு. பாத்ரூம் போறதும் நின்னு போச்சு.

கூத்து என்னன்னா, சத்தம் நின்ன முதல் வாரம் எனக்குத் தூக்கம் வரல. மூச்சு இருக்கான்னு எழுந்து எழுந்து பாத்தேன்.

அரியாலை அப்பு

பிள்ளையள், எனக்கு 71 வயது. யாழ்ப்பாணத்து ஆள், இப்ப மகளோடை கனடாவிலை, ஸ்காபரோவிலை. மனுசி போய் மூண்டு வருசம். அதுக்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. டொக்டர் அல்பிரசோலம் குளிசை தந்தார், ரெண்டு கிழமைக்கு எண்டுதான் தந்தவர். நான் ரெண்டு வருசம் போட்டன். முதல் அரைக் குளிசை, பிறகு ஒண்டு, பிறகு ஒண்டரை. ஒரு இரவு பாத்ரூமுக்குப் போகேக்கை தள்ளாடி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சது.

மகள் கோவத்திலை எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சிட்டா. அதுதான் பெரிய பிழை. மூண்டு நாள் கண் மூடேல்லை, கை நடுங்குது, நெஞ்சு படபடக்குது. உந்தக் குளிசையை ஒரேயடியா நிப்பாட்டினா வலிப்புக்கூட வரலாம் எண்டு டொக்டர் ஏசினார். திரும்பத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு ஏழு மாதத்திலை விட்டன்.

இன்னொண்டையும் டொக்டர்தான் கண்டுபிடிச்சவர். மத்தியானம் சோறு சாப்பிட்டிட்டு ரெண்டரை மணித்தியாலம் படுக்கிறனான். அதை நான் நித்திரைக் கணக்கிலை சேர்க்கிறேல்லை! இப்ப கதிரையிலை இருபது நிமிசம், அவ்வளவுதான். இஞ்சை மாரியிலை நாலரை, அஞ்சு மணிக்கே இருட்டிப்போடும், காலமை வெளிச்சம் வர முந்தி நானே எழும்பிடுவன். அதாலை விடிஞ்ச உடனை, பனியோ மழையோ, ஒரு நடை. மனுசி இருந்த காலத்திலையும் காலமை நடக்கிறனாங்கள்.

கோலமாவு

ஏழாவது மாசம் எனக்கு. ராத்திரி ஆனா கெண்டைக்காலுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி, ஆட்டிக்கிட்டே இருக்கணும். எழுந்து நடந்தா நிக்கும், படுத்தா வரும். எல்லாரும் "வாயு"ன்னாங்க. மருத்துவர் ஃபெரிட்டின் பாத்தாங்க, அதாவது உடம்புல சேமிப்பா இருக்கற இரும்பு. ரொம்பக் கம்மி. இரும்புச்சத்து ஏத்தின பிறகு முக்கால்வாசி போயிருச்சு. மாத்திரை சாப்பிட்ட உடனே டீ குடிக்கறவங்க கவனிங்க, டீ இரும்பை உடம்புல சேர விடாது. இவ்வளவுதான் என் கதை, தூங்கப் போறேன்.

தஞ்சாவூர் காபி

பனியன் ஊர்த் தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் என்னையே பார்த்த மாதிரி இருந்தது. எனக்கு 52. வங்கி வேலை. மாதவிடாய் நிற்கும் சமயத்தில் ராத்திரி வேர்த்து விறுவிறுத்து எழுந்துகொள்வேன். அந்த வேர்வை ஒரு வருஷத்தில் போய்விட்டது. எழுந்துகொள்ளும் பழக்கம் போகவில்லை. உங்கள் ஷிப்மெண்ட் கதையும் அதேதான்: மூட்டிய நெருப்பு அணைந்துவிட்டது, புகை நிற்கவில்லை.

வாரத்துக்கு மூன்று ராத்திரியாவது, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். அதற்கு மாத்திரைக்கு முன்னால் சி.பி.டி.ஐ என்கிற, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சியைத்தான் கொடுக்க வேண்டும் என்று 2016-லேயே அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி சொல்லிவிட்டது. நான் ஒரு உளவியலாளரிடம் எட்டு வாரம் போனேன். கேட்டால் சப்பென்று இருக்கும், செய்தால் உயிர் போகும்.

முதலில் ஒரு நோட்டு. எத்தனை மணிக்குப் படுத்தேன், சுமாராக எவ்வளவு தூங்கினேன். படுக்கையில் ஒன்பது மணி நேரம், தூக்கம் ஐந்தேகால். "அப்படியானால் உங்களுக்குக் கட்டில் ஐந்தரை மணி நேரம்தான்" என்றார். பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழ வேண்டும், ஞாயிறு, தீபாவளி எதுவானாலும். அசதி ஏற ஏறத் தூக்கம் கெட்டியாகும். படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்கினால் கால் மணி கூட்டித் தருவார், ரேஷன் கடை மாதிரி. ஆர்தர் ஸ்பீல்மன் என்பவர் 1987-ல் வெளியிட்ட முறை இது.

அடுத்தது: தூக்கம் வராமல் புரண்டால் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். சொக்கினால்தான் திரும்பப் படுக்கலாம். நீங்கள் சோபாவில் சொக்கி, கட்டிலில் முழிக்கிறீர்களே, அதற்குக் காரணமே இதுதான். நாலு மாதமாக அந்தக் கட்டிலில் நீங்கள் கணக்குத்தானே போடுகிறீர்கள்? உடம்பு அதைக் கணக்குப் போடும் இடமாகவே பழகிவிட்டது. நான் கூடத்தில் உட்கார்ந்து துவைத்த துணியை மடிப்பேன். அந்த மாதம் எங்கள் வீட்டு பீரோ அவ்வளவு அழகாக இருந்தது.

கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். சாயங்காலம் ஐந்தரை மணி டிகிரி காபியை விட்டது மட்டும் இன்றுவரை துக்கம். குடித்த காபியில் பாதி ஐந்து, ஆறு மணி நேரம் கழித்தும் உடம்பில் நிற்குமாம். பகலெல்லாம் மூளையில் சேரும் அசதிப் பொருள் ஒன்று இருக்கிறது, அடினோசின் என்று. காபி அதன் இடத்தில் போய் உட்கார்ந்து கொள்கிறது, அசதி தெரிவதில்லை.

எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரம் பகலில் பேய் மாதிரி இருந்தேன், ஸ்கூட்டியைத் தொடவில்லை. வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களும் வலிப்பு, மனநிலை ஏற்ற இறக்கம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். மதுரைக்காரி வீட்டுக்காரர் மாதிரி மூச்சு நிற்பவர்களுக்கு முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

வெட்டி ஆபீசர்

அக்கா, அஞ்சரை மணிக்கு எழுந்து என்ன பண்ணுவீங்க?

தஞ்சாவூர் காபி

காபி குடிப்பேன் தம்பி.

பனியன் ஊர்க்காரன்

அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

முதல்ல டாக்டரைப் பாத்தேன். தைராய்டு, சுகர் எல்லாம் சரி, குறட்டையும் இல்லைன்னு வீட்டுக்காரி சாட்சி சொன்னா. அப்புறம் தஞ்சாவூர் அக்கா சொன்ன வழியை, அவர்கிட்டயே கேட்டுக்கிட்டு ஆரம்பிச்சேன். பன்னிரண்டுல இருந்து அஞ்சரை. முதல் வாரம் அக்கா சொன்னதை விட மோசம். மதியம் ஸ்டைல் நம்பரை மாத்தி மெயில் அனுப்பிட்டேன். ராத்திரி எழுந்து வந்து ஹால்ல உக்காந்தா செல்லைத் தொடக்கூடாது, அதான் கொடுமை. பையனோட ஆறாங்கிளாஸ் வரலாறு புத்தகம் முழுக்க முடிச்சேன். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, மணி பதினொன்னே முக்கால்ல நிஜமாவே கண்ணைத் திறந்து வைக்க முடியல. அப்படி ஒரு தூக்கம் வந்து வருஷக்கணக்காச்சு.

இப்ப பதினொன்னேகாலுக்குப் படுக்கறேன். எல்லா ராத்திரியும் நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன். போன செவ்வாய்க்கிழமை ஒரு கன்டெய்னர் தூத்துக்குடியில நின்னுச்சு, அன்னைக்கு மறுபடி மூணு மணி வரைக்கும் வரலாறுதான். மறுநாள் பகல்ல படுக்காம இழுத்துப் பிடிச்சேன், அடுத்த ராத்திரி வந்துருச்சு.

ஒரு நஷ்டம் மட்டும் இருக்கு. நேத்து காலையில எழுந்து கதவைத் திறந்தா வாசப்படி பூரா வெள்ளை. பால்காரர் எப்ப வந்தார்னு எனக்குத் தெரியல. பாக்கெட்டைப் பூனை கிழிச்சுக் குடிச்சிட்டுப் போயிருக்கு. வீட்டுக்காரி கடையில ஒரு தூக்குப்பை வாங்கி கேட்ல மாட்டிட்டா.