போவிங்டனில் லிட்டில் வில்லியின் அருகே

இங்கிலாந்தின் டோர்செட்டில் உள்ள போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்திற்குப் போய் வந்தவர்கள் பெரும்பாலும் 1943இல் துனிசியாவில் பிடிபட்ட ஜெர்மானிய டாங்கியான டைகர் 131 பற்றியே பேசுவார்கள். நானும் அதைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது, பீரங்கி எதுவும் இல்லாமல் இரும்புத் தண்ணீர்த் தொட்டியைப் போல நிற்கும் 'லிட்டில் வில்லி'. 'டாங்க்' என்ற பெயரே, ரகசியம் காக்க இவ்வகை வண்டிகளைத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி வைத்ததால் வந்ததுதானே!

1915இல் லிங்கன் நகரின் வில்லியம் ஃபாஸ்டர் நிறுவனத்தில் வில்லியம் டிரிட்டனும் வால்டர் வில்சனும் உருவாக்கிய டாங்கி முன்மாதிரி இது. கவசம் போலத் தோன்றுவது உண்மையில் கொதிகலன் செய்யும் எஃகுத் தகடு. வரிசை வரிசையாக இருந்த ரிவெட் தலைகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டேன். வலப்பக்கப் பார்வைத் துளையைச் சுற்றித் தகடு சேதமடைந்திருக்கிறது. எப்போதோ கட்டி இழுக்க முயன்றபோது அப்படி ஆகியிருக்கலாம்.

குனிந்து பார்க்க வேண்டியது சங்கிலிப் பட்டையைத்தான். சிகாகோவிலிருந்து வரவழைத்த புல்லக் நிறுவனப் பட்டைகள் அகழியின் மேல் தொய்ந்து, சக்கரங்களை விட்டுக் கழன்றன. பலாட்டா பிசின் ஊட்டிய பட்டையும் சோதனையில் தேறவில்லை. பிறகு டிரிட்டன், அழுத்தி வடித்த எஃகுத் தகடுகளைக் கண்ணிகளில் பொருத்தி, தொங்கும்போதும் அவை வண்டியின் சட்டத்தை விட்டு விலகாதபடி பிடிப்புகளை அமைத்தார். பலாட்டா இறந்துவிட்டது, அழுத்திய தகட்டில் புதுவரவு பிறந்திருக்கிறது, அனைவரும் நலம் என்று பிள்ளைப்பேற்றுச் செய்தி போலவே 1915 செப்டம்பர் 22 அன்று அவர் தந்தி அடித்தாராம். தொழிற்சாலைக்காரரின் குறும்பு எனக்கு மிகவும் பிடித்தது.

105 குதிரைத்திறன் டைம்லர் எஞ்சின் இருந்தும் மணிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர்தான் வேகம். ராணுவம் கேட்டது 8 அடி அகழியைத் தாண்டும் வண்டி. லிட்டில் வில்லியால் 5 அடிதான் முடிந்தது. எனவே பட்டை உடலைச் சுற்றிவரும் சாய்சதுர வடிவ 'மதர்' என்ற அடுத்த முன்மாதிரி உருவானது. லிட்டில் வில்லி போர்க்களம் காணவே இல்லை; 1940இல் பழைய இரும்புக்குப் போகாமல் தப்பியது. இன்று உள்ளே எஞ்சின் இல்லை, பின்னால் திசைதிருப்பும் சக்கரங்கள் இல்லை. உட்புறப் பாகங்கள் சில மட்டும் எஞ்சியிருக்கின்றன.

டைகரைப் பார்க்க எனக்கு மிஞ்சியது பத்து நிமிடம்தான்.